கீழ் முன்பற்கள் நெருக்கிக்கொண்டு வந்தால்: காத்திருப்பதா, இடம் காப்பதா, விரிப்பதா, எடுப்பதா?

ஏழு, எட்டு வயதில் கீழ்த்தாடையின் நான்கு முன்பற்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு முளைப்பதைப் பார்த்ததும், இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா என்ற கவலை பெற்றோருக்கு வந்துவிடுகிறது. ஒரு பல் மருத்துவர் "பன்னிரண்டு வயதில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். இன்னொருவர் பற்களுக்குப் பின்னால் ஒரு கம்பி போடச் சொல்கிறார். மூன்றாமவர் திருகு வைத்த தட்டைக் காட்டுகிறார். நான்காமவர் பால் கோரைப்பற்களை எடுத்துவிடலாம் என்கிறார். நால்வரும் ஒரே வாயைப் பார்த்துச் சொல்லியிருந்தால் எல்லோரும் சரியாக இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் பொருத்தமான குழந்தைகள் இருக்கவே செய்கிறார்கள். யாருக்கு எது என்பதைச் சொல்பவை இரண்டு: எத்தனை மில்லிமீட்டர் இடம் குறைகிறது, முகம் எந்தத் திசையில் வளர்கிறது.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கீழ் முன்பல் தாடையை இழுத்து வளர்ப்பதில்லை. தாடை வளரும் விதத்துக்கும் உதடு, நாக்கு தரும் அழுத்தத்துக்கும் ஏற்ப அது தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது. பல்லை முன்னே தள்ளினால் முகமும் முன்னே வளரும் என்று நம்பிச் செய்யும் சிகிச்சைகளை இந்தக் கட்டுரை சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

எது இயல்பு

கீழ்த்தாடையில் நடு முன்பற்கள் 6 முதல் 7 வயதிலும், பக்க முன்பற்கள் 7 முதல் 8 வயதிலும் வருகின்றன. இந்த நான்கு நிலைப்பற்களின் மொத்த அகலம், அவை இருந்த இடத்திலிருந்த பால் பற்களின் அகலத்தைவிட ஏறக்குறைய 5 முதல் 6 மி.மீ. அதிகம். இந்தக் கூடுதல் இடத்தை உடல் பல வழிகளில் சேர்க்கிறது. பால் பற்களுக்கு இடையே ஏற்கெனவே இருந்த சந்துகள் உதவுகின்றன. முன்பற்கள் முளைக்கும்போது இரு கோரைப்பற்களுக்கும் இடைப்பட்ட அகலம் 2 முதல் 3 மி.மீ. கூடுகிறது. புதுப் பற்கள் பால் பற்களைவிடச் சற்று முன்னே சாய்ந்து வருகின்றன. பால் கோரைப்பல்லும் தனக்குப் பின்னாலுள்ள சிறு இடைவெளிக்குள் நகர்ந்து கொஞ்சம் வழி விடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் 8, 9 வயதில் 2 மி.மீ. வரை நெருக்கம் இருப்பது சாதாரணம். அது நோயல்ல. ஐந்து வயதில் சந்தே இல்லாமல் வரிசையாக நிற்கும் பால் பற்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறோமே, பிற்காலத்தில் நெரிசல் வரப்போகிறது என்பதற்கு அதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம்.

"தாடை வளர வளர இடம் கிடைத்துவிடும்" என்ற ஆறுதல் பாதிதான் உண்மை. கீழ்த்தாடை இருபது வயதை நெருங்கும்வரை வளர்கிறது. ஆனால் அந்த வளர்ச்சி பின்பக்கத்தில் நடக்கிறது. தாடையின் நிமிர்ந்த பகுதியின் முன்விளிம்பு கரைந்து பின்விளிம்பில் எலும்பு சேர்வதால்தான் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களுக்கு இடம் உண்டாகிறது. முன்பக்கத்தில் கோரைப்பற்களுக்கு இடைப்பட்ட அகலம் ஏறத்தாழ 9 வயதோடு நின்றுவிடுகிறது, பிறகு சற்றுக் குறையவும் செய்யும். ஆகவே 9 வயதில் 6 மி.மீ. குறைந்தால், அந்தக் குறை முன்னால் புதிதாக எலும்பு வளர்ந்து தீராது.

புதுப் பல் பால் பல்லுக்குப் பின்னால் முளைத்து இரண்டு வரிசை தெரிவது இன்னொரு பொதுவான பயம். பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் அதை ஆட்டி விழவிடுங்கள். சில மாதமாகியும் அசையாமல் கெட்டியாக நின்றால் எடுத்துவிடலாம். அதன்பின் நாக்கே புதுப் பல்லை மெதுவாக முன்னே தள்ளும். அதற்கு இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முகம் வளரும் திசை

கீழ்த்தாடை காதருகே உள்ள மூட்டுப் பகுதியில் வளர்வதால் முகவாய் கீழும் முன்னுமாக நகர்கிறது. டென்மார்க்கில் பணியாற்றிய ஆய்வாளர் ஆர்னே பியோர்க் 1950-களிலிருந்து குழந்தைகளின் தாடையில் மிகச் சிறிய உலோகக் குறிகளைப் பதித்து, ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தாடை நேராக நீள்வதில்லை, வளரும்போதே சுழல்கிறது என்பது அப்போதுதான் தெளிவானது. வெளியே தெரியும் தாடை விளிம்பில் எலும்பு கரைந்தும் சேர்ந்தும் இந்தச் சுழற்சியின் பெரும்பகுதியை மறைத்துவிடுவதால், அதுவரை அது யார் கண்ணுக்கும் முழுமையாகப் பிடிபடவில்லை.

முன்னும் மேலுமாகச் சுழலும் தாடை உள்ள குழந்தையின் முகம் குட்டையாக, சதுரமாக இருக்கும். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை ஆழமாக மூடும். வளர வளரக் கீழ் முன்பற்கள் நிமிர்ந்து நாக்குப் பக்கம் ஒதுங்கும், அதனால் நெரிசல் கூடும். இப்படிப்பட்ட குழந்தைக்கு முன்பற்கள் ஓரிரு மில்லிமீட்டர் முன்னே வருவதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். பல்லை எடுத்து முன்பற்களை மேலும் உள்ளே விட்டால்தான் ஆழ்கடி மோசமாகும்.

கீழும் பின்னுமாகச் சுழலும் தாடையில் நிலைமை தலைகீழ். முகம் நீளும், உதடுகள் இயல்பாக மூடாது, மூடும்போது முகவாய்த் தசை சுருங்கிக் குழிகள் விழும். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்தே நிற்கும் வாய்ப்பும் உண்டு. இந்தக் குழந்தைகளின் முகவாய் எலும்பு பெரும்பாலும் உயரமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால், பல்வேர் முன்னும் பின்னும் நகர இடம் மிகக் குறைவு. இங்கே கீழ் முன்பற்களைச் சாய்த்தால் கடி மேலும் திறக்கும், வேரின் முன்பக்கத்தை எலும்புத் தட்டுக்கு வெளியே தள்ளும் ஆபத்தும் சேரும். நெரிசல் அதே 5 மி.மீ. ஆனாலும் முகம் வேறாக இருந்தால் சிகிச்சையும் வேறாக வேண்டும் என்பது இதனால்தான்.

பதின்ம வயதின் பிற்பகுதியில் இன்னொன்றும் நடக்கிறது. மேல்தாடை வளர்ச்சி முடிந்த பிறகும் கீழ்த்தாடை கொஞ்ச காலம் முன்னே வந்துகொண்டிருக்கும். மேல் முன்பற்களும் உதடும் தடுப்பதால் கீழ் முன்பற்கள் அதோடு முன்னே போக முடியாமல் நிமிர்ந்து, ஒன்றையொன்று இடிக்கத் தொடங்கும். 17, 18 வயதில் திடீரென வரும் கோணலுக்கு ஞானப்பல்லைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் ஞானப்பல்லே உருவாகாதவர்களுக்கும் இதே நெரிசல் வருகிறது.

முதலில் அளவு

நெரிசலைக் கண்ணால் மதிப்பிடாமல் அளக்க வேண்டும். அளவு எடுத்த மாதிரியில் அல்லது ஸ்கேனில் கீழ் முன்பற்கள் நான்கின் அகலத்தையும் தனித்தனியே அளந்து கூட்டுவது முதல் படி. பிறகு பல்வரிசையின் வளைவைத் துண்டுகளாகப் பிரித்து, முன்னால் கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை உள்ள இடத்தையும், இருபுறமும் பக்க முன்பல்லுக்குப் பின்னிருந்து முதல் நிலைக் கடைவாய்ப்பல் வரை உள்ள இடத்தையும் அளக்க வேண்டும். இன்னும் முளைக்காத கோரைப்பல்லும் அதற்குப் பின்னால், கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் வரும் இரண்டு முன்கடைவாய்ப்பற்களும் எவ்வளவு அகலம் என்பதற்கு 1974-இல் வெளியான டனாகா, ஜான்ஸ்டன் சூத்திரம் எளிது: நான்கு கீழ் முன்பற்களின் கூட்டுத்தொகையில் பாதி, அதோடு 10.5 மி.மீ. இது கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கான தேவை.

ஒரு குழந்தையின் முன்பற்கள் கூடி 23 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாதி 11.5, அதோடு 10.5 சேர்த்தால் பக்கத்துக்கு 22 மி.மீ. வேண்டும். இருப்பது 23.5 என்றால் பக்கத்துக்கு 1.5, இருபுறமும் 3 மி.மீ. மிச்சம். முன்னால் இருப்பது 19.5 மட்டுமே என்றால் அங்கே 3.5 குறை. மொத்தத்தில் அரை மில்லிமீட்டர்தான் போதவில்லை. கண்ணாடியில் பார்த்தால் இந்தக் குழந்தையின் பற்கள் பயமுறுத்தும், கணக்கில் அது எளிய குழந்தை. இன்னொரு குழந்தைக்கு முன்பற்கள் 24.5. பக்கத்துத் தேவை 22.75, இருப்பது 22. முன்னால் இருப்பது 18. குறை 6.5, அதோடு இருபுறமும் 1.5 சேர்ந்து 8 மி.மீ. இருவர் வாயும் முன்னிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியலாம்.

இந்தச் சூத்திரம் வட ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து வந்தது, மற்றவர்களுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ காட்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தைக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. முழுவாய் எக்ஸ்ரே ஒன்றும் அவசியம், குறிப்பாகக் கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் இருக்கிறதா என்று பார்க்க. பிறவியிலேயே இல்லாமல் போகும் பற்களில் அது முன்வரிசையில் இருக்கிறது. தாமதமாக உருவாகும் பல்லும் அதுதான் என்பதால், 7 வயது எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

வழி ஒன்று: காத்திருப்பது

மொத்தக் குறை 2 மி.மீ.க்குள், கடி சரி, பால் பற்கள் சொத்தையின்றி முழுதாக இருக்கின்றன என்றால் இதுவே சிறந்த சிகிச்சை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இதில் கெடுவது ஒரே இடத்தில்: பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி நேரத்துக்கு முன்பே எடுக்கப்பட்டால் பின்னாலுள்ள நிலைப்பல் முன்னே சாய்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். நெரிசலுள்ள குழந்தைக்குப் பால் பல்லின் சொத்தையை அடைப்பதும் பல் சீரமைப்பின் ஒரு பகுதிதான்.

ஒரு பக்கப் பால் கோரைப்பல் மட்டும் தானாக விழுந்துவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். முன்பற்கள் அந்தப் பக்கம் சரிந்து நடுக்கோடு விலகும்.

வழி இரண்டு: இருக்கும் இடத்தைக் காப்பது

எங்கள் கணிப்பில் அதிகக் குழந்தைகளுக்குப் பொருந்துவதும், உரிய காலத்தில் செய்யாமல் அதிகம் தவறவிடப்படுவதும் இந்த வழிதான். பால் கடைவாய்ப்பற்கள் அவற்றின் இடத்தில் வரும் முன்கடைவாய்ப்பற்களைவிட அகலமானவை. கீழ்த்தாடையில் இந்த உபரி ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 1.7 முதல் 2.5 மி.மீ. அதன் பெரும்பகுதி இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லிடம் இருக்கிறது. அது விழுந்ததும் நிலைக் கடைவாய்ப்பல் முன்னே நகர்ந்து, சில மாதங்களில் அந்த உபரியை மூடிவிடும். அதற்கு முன்பே கடைவாய்ப்பல்லை நிறுத்திவைத்தால் அதே இடம் முன்பற்களுக்குக் கிடைக்கும்.

நிறுத்திவைக்கும் கருவியின் பெயர் லிங்குவல் ஆர்ச். இரு கீழ் முதல் கடைவாய்ப்பற்களிலும் பேண்ட் என்ற உலோக வளையம், இரண்டையும் இணைத்து நாக்குப் பக்கமாக ஓடும் 0.9 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. கம்பி நான்கு முன்பற்களின் பின்பக்கத் திரட்சியில் லேசாகத் தொட்டபடி இருக்க வேண்டும், பக்கங்களில் ஈறை அழுத்தாமல் ஒரு மில்லிமீட்டராவது விலகியிருக்க வேண்டும். முதல் வருகையில் கடைவாய்ப்பல்லின் இருபுறமும் சிறு ரப்பர் வளையம் வைப்பார்கள். சில நாளில் சந்து உண்டானதும் பேண்ட் பொருத்தி அளவெடுப்பார்கள். ஆய்வகத்தில் கம்பியை வளைத்துப் பற்றவைத்த பிறகு, கிளாஸ் அயனோமர் சிமெண்டால் ஒட்டுவார்கள். முதல் ஓரிரு நாள் பேச்சு குழறும், எச்சில் கூடும். பசைபோல் ஒட்டும் மிட்டாய் வேண்டாம்.

நேரம்தான் இதில் எல்லாமே. நான்கு முன்பற்களும் முளைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் வரும் பல் கம்பியில் இடிபடும். இரண்டாம் பால் கடைவாய்ப்பல் விழுவதற்கு முன்பே கம்பி வாயில் இருக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 9 முதல் 11 வயதுக்குள் வரும். வயதைவிட எக்ஸ்ரேயில் தெரியும் வேர் வளர்ச்சியையே நம்புங்கள். அந்தப் பல் விழுந்து ஓராண்டு கழித்து வந்து கேட்டால் காப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

கம்பி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், போடாதவர்களின் பல்வளைவு நீளம் ஏறத்தாழ 2.5 மி.மீ. குறைந்தது, போட்டவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. விலையும் உண்டு. கடைவாய்ப்பற்கள் முன்னே வர முயலும் அழுத்தம் கம்பி வழியாக முன்பற்களை அடைவதால் அவை லேசாக முன்னே சாயும். போடாத குழந்தைக்கு அவை லேசாகப் பின்னே சாயும்.

பலர் சொல்ல மறக்கும் இன்னொரு விலை கடியைப் பற்றியது. பால் பல்லும் நிலைப்பல்லும் சேர்ந்திருக்கும் கலப்புப் பல் வயதில் மேல், கீழ்க் கடைவாய்ப்பற்கள் நுனிக்கு நுனி நிற்பது சாதாரணம், கீழ்ப் பல் உபரி இடத்துக்குள் நகர்வதால்தான் பல குழந்தைகளுக்கு அது சரியான பொருத்தத்துக்கு வருகிறது. அந்த இடத்தை முன்பற்களுக்குக் கொடுத்துவிட்டால் கடைவாய்ப் பொருத்தத்தை வேறு வழியில் சரிசெய்ய வேண்டும். கம்பி போடச் சொல்பவரிடம் "கடைவாய்ப்பல் பொருத்தத்துக்கு என்ன திட்டம்?" என்று கேளுங்கள்.

கெடுவது பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில். சிமெண்ட் கரைந்து பேண்டுக்கு அடியில் சொத்தை பிடிப்பது, பற்றவைத்த இடத்தில் கம்பி உடைவது, நாக்காலோ விரலாலோ நெம்பி வளைந்த கம்பி ஈறில் புதைவது, இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்க இடமின்றிச் சாய்ந்து மாட்டிக்கொள்வது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் இவற்றில் எதுவும் பெரிதாகாது. இரண்டாம் முன்கடைவாய்ப்பற்கள் நன்றாக முளைத்ததும், அல்லது முழு கிளிப் போட்டதும் கழற்றலாம்.

வழி மூன்று: விரிப்பது

பெற்றோருக்கு மிகவும் பிடிக்கும் வழி இது. பல் எடுக்க வேண்டாம், தாடை "வளரும்" என்று சொல்லப்படுகிறது. மேல்தாடைக்கு அது ஓரளவு பொருந்தும், அண்ணத்தின் நடு இணைப்பு பதின்ம வயது வரை முழுதாக இறுகுவதில்லை. கீழ்த்தாடையின் நடு இணைப்போ குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் எலும்பாக ஒட்டிவிடுகிறது. எட்டு வயதில் கீழே திருகுத் தட்டு போட்டு ஒரு கால் சுற்றுக்கு 0.25 மி.மீ. வீதம் திறந்தால், பற்கள்தான் வெளியே சாயும். தாடை எலும்பு அகலமாகாது.

கிடைக்கும் இடமும் எதிர்பார்த்த அளவு இருக்காது. கடைவாய்ப் பகுதியில் 1 மி.மீ. விரித்தால் வளைவின் சுற்றளவில் சேர்வது ஏறக்குறைய 0.3 மி.மீ. முன்பற்களை 1 மி.மீ. முன்னே கொண்டுவந்தால் 2 மி.மீ. சேரும். எனவே "விரிப்பு" என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளில் உண்மையான இடம் பல வேளை முன்பற்களைச் சாய்த்தே பெறப்படுகிறது. இரு கோரைப்பற்களுக்கு இடையே விரித்தது எல்லாவற்றையும்விட எளிதாகப் பழைய இடத்துக்குத் திரும்பும்.

சியாட்டில் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் அவரது குழுவினரும் சிகிச்சை முடிந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கலப்புப் பல் வயதில் கீழ் வளைவை நீட்டியவர்களுக்கு முடிவு மிக மோசம், பெரும்பாலோருக்கு நெரிசல் திரும்பியது. பல் எடுத்துச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கும் நெரிசல் கணிசமாகத் திரும்பியது என்பதையும் அதே குழு கண்டது, எனவே இதை வைத்துப் பல் எடுப்பதற்குக் கொடி பிடிக்கவும் முடியாது.

லிப் பம்பர் இதன் இன்னொரு வடிவம். கடைவாய்ப் பேண்டுகளிலிருந்து வரும் தடித்த கம்பி முன்பற்களுக்கு 2 முதல் 3 மி.மீ. முன்னே நின்று உதட்டைத் தள்ளிவைக்கிறது. உதட்டின் அழுத்தம் இல்லாததால் நாக்கு பற்களை முன்னே தள்ளும், கடைவாய்ப்பல் பின்னே சாயும். உதடு மிக இறுக்கமாக, கீழ் முன்பற்கள் உள்ளே சாய்ந்து, கடி ஆழமாக உள்ள குழந்தைக்கு இதில் நியாயம் உண்டு. கட்டைவிரல் சப்பியதாலோ, மேல் முன்பற்களுக்குப் பின்னால் கீழுதடு மாட்டிக்கொள்வதாலோ உள்ளே தள்ளப்பட்ட கீழ் முன்பற்களுக்கும் அப்படித்தான். அங்கே பற்களை அவற்றின் இயல்பான இடத்துக்கே திருப்பிக் கொண்டுவருகிறோம். பழக்கம் நிற்காமல் கம்பி மட்டும் போட்டால் வீண்.

மூக்கடைப்பும் இதில் சேரும். மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதை வீங்கி வாயால் மூச்சுவிடும் குழந்தைகளுக்கு முன்பற்கள் உள்நோக்கி நிமிர்ந்திருந்ததையும், அடினாய்டை எடுத்து மூக்கால் மூச்சுவிடத் தொடங்கியபின் அவை முன்னே வந்ததையும் ஸ்வீடனின் லிண்டர் ஆரோன்சன் 1970-களில் காட்டினார். இப்படிப்பட்ட குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முதலில் காட்டுவது நல்லது.

வழி நான்கு: எடுப்பது

பக்க முன்பற்கள் வர வழியே இல்லாமல் வளைவுக்கு வெளியே தள்ளப்படும்போது, இரு பக்கப் பால் கோரைப்பற்களையும் எடுத்தால் முன்பற்கள் சில மாதங்களில் தாமாகவே வரிசைக்கு வரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கிடைத்த இடம் கடன்தான். முன்பற்கள் பின்னே சாய்ந்து வளைவு சுருங்கும், கடி ஆழமாகும், 10 வயதில் வரும் நிலைக் கோரைப்பல்லுக்கு இடம் இருக்காது. அதனால் கூடவே லிங்குவல் ஆர்ச் போடாமல் கோரைப்பல்லை மட்டும் எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குறை 3, 4 மி.மீ. என்றால் எடுக்காமல் பால் கோரைப்பல்லின் பக்கத்தைச் சற்றுத் தேய்த்தே வழி விடலாம்.

குறை 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், மேல் கீழ்த் தாடைகளின் பொருத்தம் சரி, கடி ஆழமில்லை என்றால் மட்டுமே தொடர் அகற்றல். ஸ்வீடனின் செல்கிரென் சீரியல் எக்ஸ்ட்ராக்ஷன் என்று பெயரிட்ட முறை இது. முன்பற்கள் வந்தபின் 8, 9 வயதில் பால் கோரைப்பற்கள், பிறகு முதல் முன்கடைவாய்ப்பல்லின் வேர் பாதி வளர்ந்ததும் முதல் பால் கடைவாய்ப்பற்கள், கடைசியில் அந்த முன்கடைவாய்ப்பற்களே. கீழ்த்தாடையில் சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான குழந்தைகளுக்குக் கோரைப்பல் முன்கடைவாய்ப்பல்லை முந்திக்கொண்டு வரும். அப்போது எடுக்க வேண்டிய பல் எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அறுவைச் சிகிச்சையில் எடுக்க நேரும். இரண்டாம் முன்கடைவாய்ப்பல் பிறவியில் இல்லை என்பது இடையில் தெரிந்தால் திட்டமே குலைந்துவிடும். முடிவில் வேர்களை இணையாக்கவும் மிச்சச் சந்துகளை மூடவும் கிளிப் வேண்டியே இருக்கும், காலம் மட்டும் குறையும்.

5 முதல் 9 மி.மீ. வரை உள்ள நடுத்தரக் குழந்தைகளே கடினமானவர்கள். எட்டு வயதில் அவர்களுக்கு இறுதி முடிவு சொல்பவரை நம்ப வேண்டாம். லிங்குவல் ஆர்ச்சால் 3, 4 மி.மீ. காத்துவைத்துவிட்டு, எல்லா நிலைப்பற்களும் வந்த 11, 12 வயதில் மீண்டும் அளந்து, முகத்தையும் ஈறையும் பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

பல் எடுத்தால் முகம் தட்டையாகிவிடும் என்ற பயத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரு கீழ் முன்கடைவாய்ப்பற்களை எடுத்தால் ஏறக்குறைய 14 மி.மீ. கிடைக்கும். 9 மி.மீ. நெரிசலுக்கே போய்விட்டால் மிச்சம் 5, பக்கத்துக்கு இரண்டரை. அதிலும் ஒரு பகுதியைக் கடைவாய்ப்பல் முன்னே வந்து பிடிக்கும். உதடு பல் நகரும் தூரம் முழுவதும் நகர்வதுமில்லை. நெரிசல் 3 மி.மீ. மட்டும் உள்ள குழந்தைக்கு எடுத்தால்தான் முன்பற்கள் உள்ளே போய் உதடு ஒட்டிப்போகும். அந்த இரண்டாவது குழந்தைக்குப் பயம் நியாயமே.

கோண எண்கள் எவ்வளவு நம்பத்தகுந்தவை

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கீழ் முன்பல்லுக்கும் தாடையின் அடிக்கோட்டுக்கும் உள்ள கோணத்தை அளப்பார்கள். அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் சார்லஸ் ட்வீட் அது 90 டிகிரியை ஒட்டி, ஐந்து கூடவோ குறையவோ இருக்க வேண்டும் என்றார். தாடை அடிக்கோடு 25 டிகிரியைவிடச் சரிவாக இருந்தால் பல்லை அதற்கேற்ப நிமிர்த்த வேண்டும், 30 டிகிரி முகத்துக்கு 85 என்பது அவர் கணக்கு. இன்னொரு நிபுணரான ஸ்டெய்னர் 1953-இல் தந்த அளவு, மூக்கின் வேரிலிருந்து கீழ்த்தாடைப் புள்ளிக்கு வரையும் கோட்டிலிருந்து 4 மி.மீ., 25 டிகிரி. இவை அமெரிக்க வெள்ளையினத்தவரின் முகங்களிலிருந்து வந்தவை. பல இனத்தவருக்குக் கீழ் முன்பற்கள் இயல்பாகவே இதைவிட முன்னே சாய்ந்திருக்கும், 97 டிகிரியைக் கண்டதும் பல் எடுக்கச் சொல்வது அவர்களுக்குத் தவறு. சுமார் 2.5 டிகிரி சாய்வு பல்லின் விளிம்பில் 1 மி.மீ. என்பதால், எக்ஸ்ரேயில் கோடு வரைவதில் வரும் சிறு பிழைகூடக் கணக்கை மாற்றும்.

எண்ணைவிட முக்கியம் ஈறு. கீழ் முன்பல்லின் வேர் மேடு ஈறு வழியாகவே தெரிந்தால், ஈறு விளிம்பு மெல்லியதாக இருந்தால், பல்லை முன்னே சாய்ப்பது ஈறு இறங்குவதில் முடியலாம்.

தாடைகளே பொருந்தாதபோது

கீழ்த்தாடை பின்தங்கிய குழந்தைக்குத் தரும் ட்வின் பிளாக் போன்ற கருவிகள், முகவாயை முன்னே கொண்டுவரும் அதே நேரத்தில் கீழ் முன்பற்களையும் பல டிகிரி முன்னே சாய்க்கின்றன. ஏற்கெனவே சாய்ந்த பற்கள் உள்ள குழந்தைக்கு இது இரட்டைச் செலவு, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்தித்துவிடுவதால் தாடை முன்னே வர வேண்டிய தூரமே குறைந்துவிடும். 8 முதல் 10 வயதிலேயே தொடங்குவதால் இறுதியில் முகவாய்க்குக் கூடுதல் லாபம் இல்லை என்பதைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வுகள் காட்டின. துருத்திய மேல் முன்பற்கள் விழுந்து உடையும் ஆபத்து குறைவது மட்டும் உண்மை லாபம். அந்த ஆபத்து இல்லாதவர்கள் பருவ வளர்ச்சி வேகமெடுக்கும் நேரத்தில், பெண் குழந்தைகள் 10 முதல் 12, ஆண் குழந்தைகள் 12 முதல் 14 வயதுவாக்கில், தொடங்கலாம். நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைக்கும் பயிற்சியாலோ சிறப்புத் தட்டாலோ முகத்தையே முன்னே வளர்த்துவிடலாம் என்ற கூற்றுகளுக்கு நம்பகமான ஒப்பீட்டு ஆய்வுகளின் ஆதரவு இல்லை.

கீழ் முன்பற்கள் மேல் பற்களுக்கு வெளியே கடித்தால், முதலில் குழந்தையால் தாடையைப் பின்னே கொண்டுவந்து முன்பற்களை நுனிக்கு நுனி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது பல்லின் தடை, உடனே மேல் பற்களை முன்னே கொண்டுவந்தால் சில மாதங்களில் தீரும். முடியாவிட்டால் எலும்பின் வளர்ச்சியே காரணமாக இருக்கலாம். நீளும் கீழ்த்தாடையில் முன்பற்கள் உள்ளே சாய்ந்துகொண்டே போய்க் குறையை மறைக்கும். அங்கே நெரிசலைப் பார்த்துக் கீழ்ப் பல்லை எடுத்துவிட்டால், 18 வயதில் தாடை அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போது உள்ளே சாய்த்த பற்களை மீண்டும் வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும், மூடிய சந்துகளைத் திறக்க நேரும். இந்தக் குழந்தைக்கு மேல்தாடையை முன்னிழுக்கும், முகத்துக்கு வெளியே அணியும் ஃபேஸ்மாஸ்க் கருவி வேண்டுமா என்பதை 8, 9 வயதிலேயே கேட்க வேண்டும். கீழ்ப் பல் எடுப்பதை வளர்ச்சி முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் கீழ்க் கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை பின்பக்கம் ஒட்டும் மெல்லிய கம்பி தேவைப்படும். தாடை வளர்ச்சி முடியும் வரையாவது, முடிந்தால் அதற்குப் பிறகும் அது இருக்கட்டும். ஒட்டு ஒரு பல்லில் விட்டுப்போனால் வலி இருக்காது, அந்தப் பல் மட்டும் சத்தமில்லாமல் திரும்பிக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பல்லின் பின்னாலும் விரல் நகத்தால் தொட்டுக் கம்பி ஆடுகிறதா என்று பார்க்கக் குழந்தைக்குப் பழக்குங்கள். கம்பிக்கு அடியில் காரை சேராமல் பல் சந்துகளுக்கான சிறு பிரஷ் கொண்டு தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.